பெருந்தேவிக்கு ஒரு பர்மிட்டு

1

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வாத்தியார் வேலைக்கு வருவதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்று என் ஒன்றுவிட்ட தம்பியின் பிள்ளை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறான். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறான். காஞ்சிபுரம் தாலுக்கா கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவன் நான். எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்பு, அதை எந்த மூலையில் ஒட்டவேண்டும், தப்பான மூலையில் ஒட்டினால் எவ்வளவு காலம் ஊறப்போட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனால் இவனுக்கு நாலு வரியில் பதில் எழுத முடியவில்லை. இங்கே வேலைக்கு வந்தவன் நானில்லை, என் மகள் பெருந்தேவி. டர்பனில் தமிழ்ப் பெண்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் உபாத்தியாயினி. அவளுடைய பர்மிட்டு இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ‘இவர் செய்யும் வேலையைச் செய்ய இந்நாட்டில் பிறந்தவர் யாரேனும் உண்டா?’ இல்லை என்று எழுதினால் அவள் இருக்கலாம். உண்டு என்று எழுதினால் கப்பல் ஏறவேண்டும். இதுவரை ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் எழுதிவந்தோம்; அது நிஜமாகவும் இருந்தது. இந்த வருஷம் அப்படி இல்லை. அதனால் விண்ணப்பம் நேற்றுவரை மேஜைமேல் கிடந்தது.

பையனுக்கு ஊரைப் பற்றியும் தெரியவேண்டுமே. இங்கே தபாலாபீசில் வெள்ளைக்காரருக்கு ஒரு வாசல், நமக்கு ஒரு வாசல். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துக் கொதிக்கிறார்கள். எங்கள் காஞ்சிபுரத்துத் தெருக்காரர்கள் வந்திருந்தால் இவ்வளவு கொதித்திருக்க மாட்டார்கள். ‘நம் வாசலில் முதலில் நுழைய வேண்டியவர் யார்?’ என்று மட்டும் கேட்டிருப்பார்கள்.

இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளோ தங்களுக்குள் இங்கிலீஷ் பேசுகின்றன. பால்காரனோடு ஜூலு. தமிழை மாரியம்மனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கின்றன. அவளுக்கு வேறு பாஷை தெரியாது என்ற பரிவினால். பெருந்தேவி வந்த புதிதில் கரும்பலகையில் காஞ்சிபுரம் என்று எழுதி, வாசித்துக் காட்டி, “இது என்ன, சொல்லுங்கோ பார்க்கலாம்” என்று கேட்டிருக்கிறாள்.

“பொடவை, டீச்சர்!” என்றதாம் வகுப்பு முழுவதும்.

“அது ஒரு ஊர்.”

ஒரு பெண் எழுந்து சந்தேகம் கேட்டாளாம்: “அங்க மனுசங்க கூட இருக்காங்களா டீச்சர்?”

அந்தச் சந்தேகம் எனக்கும் பல தடவை வந்ததுண்டு. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

2

பெருந்தேவி புக்ககம் போய் ஆண்டு திரும்புவதற்குள் பிறந்தகம் வந்துவிட்டாள். அவள் புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. சென்னையில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு அவளை அனுப்பினேன். படிப்பு முடிந்து வந்ததும் எங்கள் தெருப் பெண்களுக்கு வீட்டிலேயே எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றாள். தெரு மிகவும் மரியாதையாகப் பதில் சொல்லிற்று: “பேஷாச் சொல்லித் தரட்டும். ஆனா காலங்கார்த்தாலே கொழந்தைகள் அவ மூஞ்சியிலயா முழிக்கிறது?”

ஆகவே தினமும் பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், நெசவுக்காரர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தந்தாள். அந்தப் பெண்கள் காலையில் முதலில் விழிப்பது பாவு நூலின்மேல். அதற்கப்புறம் யார் முகமானாலும் அவர்களுக்குச் சம்மதம்.

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆபத்து வந்தது. வருஷக் கடைசியில் மூடப்போவதாக உத்தரவு. அதே சமயம், செங்கல்பட்டில் வக்கீலாக இருக்கும் அவள் மைத்துனர், “மன்னி இங்கேயே வந்துடட்டும். நமக்குன்னு இருக்கிறவா தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?” என்று சொல்லியனுப்பினார். அவர் வீட்டுச் சமையற்காரன் அதற்கு முந்தின வாரம்தான் ஓடிப்போயிருந்தான்.

அந்த நேரத்தில் வந்தவர் முனுசாமி. டர்பனில் காய்கறித் தோட்டம் போடுகிறவர், அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் காரியதரிசி. அவருடைய தகப்பனார் ஐயம்பேட்டையிலிருந்து கரும்புத் தோட்டத்துக் கூலியாகப் போனவர். மூத்த மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கவென்று கடல் தாண்டிப் பிள்ளையார்பாளையம் வந்தார். நெசவுக்காரர் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருக்க, இவர் பக்கத்துக் கட்டடத்தில் கேட்ட பாடத்துக்குக் காதைக் கொடுத்தபடி எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்து ஜன்னலில் நின்றுவிட்டார்.

“அம்மா, எங்கூர்ல பொண்ணுங்க இங்கிலீசு பேசிக்கினு திரியுதுங்க. அ, ஆ தெரியல. நீங்க வந்துடுங்களேன்மா. சங்கத்துல சொல்லி பர்மிட்டு வாங்கிடலாம்.”

“எந்த ஊர்?”

“நேட்டாலுங்க.”

“வரேன்” என்றாளாம் பெருந்தேவி. என்னிடம் அனுமதி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

முனுசாமி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். அடுத்த பள்ளிக்கூட வருஷம் துவங்குவதற்குள் பர்மிட்டு வந்துவிடவேண்டும். வராவிட்டால் சங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆண் வாத்தியாரை அழைத்துக்கொள்ளும். அதாவது பெருந்தேவிக்கு ஒரு பக்கம் நேட்டால், இன்னொரு பக்கம் செங்கல்பட்டு அடுப்பு.

“பயப்படாதே, காகிதம் எல்லாம் என் பொறுப்பு” என்றேன். என் தொழிலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

3

மற்றக் காகிதங்கள் சொன்னபடி நடந்தன. நின்றது நன்னடத்தைச் சான்று. மனுதாரர் வசிக்கும் தெருவிலுள்ள இரண்டு கௌரவஸ்தர்கள், மாஜிஸ்திரேட்டு முன்னிலையில், ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

எங்கள் தெருவில் கௌரவஸ்தர்களுக்குப் பஞ்சமில்லை. கௌரவஸ்தர் தவிர வேறு யாரும் இல்லை என்பதுதான் கஷ்டம். அவர்களில் தலைமையானவர்கள் இரண்டு பேர்: மேலகத்துக் கிருஷ்ணையங்கார், கீழகத்து நரசிம்மாசாரியார். கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று இந்த இரண்டு வீட்டுக்கும் இடையே பாட்டன் காலத்திலிருந்து வழக்கு. முதலில் கையை நீட்டுகிறவருக்குக் கிடைக்கும் அதே உத்தரணிக் கரண்டித் தண்ணீர்தான் இரண்டாவது ஆளுக்கும் கிடைக்கும். ஆனாலும் இரண்டு வீட்டாரும் அதற்காக நிலத்தை விற்று ஐகோர்ட்டு வரை போயிருந்தார்கள்.

முதலில் கிருஷ்ணையங்காரிடம் போனேன்.

“என்னங்காணும், சமுத்திரம் தாண்டறதா? அதுவும் பொம்மனாட்டி! அதுவும் இந்தக் கோலத்திலே! சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?” என்று துவங்கினார். பேசிக்கொண்டே காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

“ரெண்டு கையெழுத்துன்னு போட்டிருக்கே. இன்னொருத்தன் யார்?”

“கீழாத்து ஸ்வாமி.”

“அவன் எங்கே போடறான்? எனக்கு மேலேயா, கீழேயா?”

“அதைப் பத்தி யோசிக்கலை.”

“யோசியும். அவன் கீழே போடறான்னா கொண்டாரும், இப்பவே போடறேன்.”

“சாஸ்திரம்?”

“அது கிடக்கட்டுமய்யா!”

கீழகத்தில் நரசிம்மாசாரியாரும் இதையே சொன்னார். அவர் இன்னும் விவரமானவர். “நான் கீழே கையெழுத்துப் போட்டா, நாளைக்கே அவன் அதை நகல் எடுத்துக் கோர்ட்டிலே நீட்டுவான். சர்க்கார் காகிதத்திலேயே ரெண்டாவது ஸ்தானத்தை ஒத்துண்டுட்டான், தீர்த்தத்திலே என்ன தகராறுன்னு கேப்பான். என் பாட்டனார் ஆத்மா சும்மா விடுமாங்காணும்?”

இரண்டு காகிதத்தில் தனித்தனியாக வாங்கலாம் என்று கச்சேரிக்குப் போனேன். எனக்குப் பின் ஹெட் கிளார்க்கானவன் நான் தொழில் பழக்கிவிட்ட பையன். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தான், காகிதத்தைத்தான் வாங்கிக்கொள்ளவில்லை. “சான்று ஒரே காகிதத்திலே இருக்கணும்னு நீங்கதானே ஸ்வாமி உத்தரவு எழுதி வெச்சேள்? அதோ, சுவத்திலே ஒட்டியிருக்கே” என்றான். என் கையெழுத்துத்தான். அழகாகவே இருந்தது.

பக்கத்தில் பக்கத்தில் போடலாமே என்றேன் இருவரிடமும். வலப்பக்கம் யாருக்கு என்றார்கள். தெருவில் வேறு யாரையாவது கேட்கலாம் என்றால், அந்த இரண்டு பேர் இருக்கும்போது கையெழுத்துப் போட யாருக்கும் தைரியமில்லை. இதற்குள் இரண்டு கப்பல் போய்விட்டன. செங்கல்பட்டிலிருந்து, ‘மன்னிக்கு வண்டி அனுப்பட்டுமா?’ என்று ஆள் வந்தது. நடைமுறைகளின் எல்லையை நான் முதல்முதலாகத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான்.

பெருந்தேவி அன்று சான்றுக்கென்று வைத்திருந்த வெற்றுக் காகிதம் ஒன்றைத் தரையில் போட்டு, அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

“அப்பா, அவா ரெண்டு பேரையும் எதிரெதிரே உக்கார வைங்கோ. காகிதம் நடுவிலே. அவா அவா பார்வைக்கு எது மேல் பக்கமோ, அங்கே அவா அவா போடட்டும்.”

“அப்படின்னா எழுத்து ஒண்ணு தலைகீழா இருக்குமே.”

“யாருக்குத் தலைகீழ்? போட்டவாளுக்கு இல்லையே.”

அப்படியே நடந்தது. கச்சேரி மேஜையின் இரு பக்கமும் இருவரும் உட்கார்ந்து, ஒருவர் பேனா காகிதத்தில் படுமுன் மற்றவர் பேனா பட்டுவிடக்கூடாது என்று ஒருவரையொருவர் பார்த்தபடியே, ஒரே சமயத்தில் கையெழுத்திட்டார்கள். டிப்டி தாசில்தார்தான் மாஜிஸ்திரேட்டும்; ஆர்க்காட்டுக்காரர், ஒரு சாயபு. காகிதத்தை நேராகப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

“அரே, இதிலே மேல் எது, கீழ் எது?”

“கீழ்னு கிடையாது, ஹுஜூர். எங்க தெருவிலே யாருமே கீழே இல்லை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, பெரிய மனுஷர். ரூல் தடியால் அளந்து, இரண்டு கையெழுத்துக்கும் சரிநடுவில் தம் முத்திரையைக் குத்தினார்.

4

சென்னையில் பர்மிட்டு மனுக்களைப் பார்க்கும் ஆபீசுக்கு அந்தக் காகிதம் போயிற்று. அங்கே ஒரு குமாஸ்தா அதை டைப் அடித்து, நேர்விசாரணைக்காகக் காஞ்சிபுரம் போலீசுக்கு அனுப்பினான். டைப் மிஷினுக்குத் தீர்த்த வழக்கு தெரியாது. பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்துவிட்டது.

ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளில் வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஊரே கேட்கப் படித்தார்: “சான்று குடுத்தவங்க ஒண்ணு, கிருஷ்ணையங்கார். ரெண்டு, நரசிம்மாச்சாரி. சரிதானுங்களா?”

அந்த ‘ரெண்டு’ கீழகம் வரை கேட்டுவிட்டது. நரசிம்மாசாரியார் மேல்வேஷ்டிகூட இல்லாமல் வந்தார்.

“என்னய்யா ரெண்டு? யார் ரெண்டு? என் கையெழுத்தை வாபஸ் வாங்கிண்டேன், எழுதிக்கோ!”

கான்ஸ்டபிள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். “அப்ப அம்மா நடத்தை சரியில்லன்னு எழுதிக்கட்டுமா சாமி?”

“யார்டா அப்படிச் சொன்னது? அவ நெருப்பு மாதிரி! கையெழுத்துதான் இல்லேன்னேன்.”

“நெருப்புன்னா நல்லதா கெட்டதா சாமி? எனக்கு ரெண்டுல ஒண்ணு தெளிவா வேணும்.”

ஒரு சான்று வாபஸானால் மனு அங்கேயே செத்தது, கப்பல்களும் தீர்ந்துகொண்டிருந்தன. எந்தப் பிரிவில், எந்த விதியில் இதற்கு வழி என்று நான் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து பெருந்தேவி நிலைப்படிக்கு வந்தாள்.

“கான்ஸ்டபிள், கீழாத்து மாமா சொன்னபடியே எழுதிக்கோங்கோ. மேலாத்து மாமா ஒருத்தர்தான் எனக்குச் சாட்சி. அவர் ஒருத்தர் வார்த்தையே போறும்னு எழுதிக்கோங்கோ.”

இதற்குள் அங்கே வந்து நின்றிருந்த கிருஷ்ணையங்காரின் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது. அதைப் பார்த்தார் நரசிம்மாசாரியார்.

“ஒருத்தன் வார்த்தையா? அவனுக்கு இவளைப் பத்தி என்னய்யா தெரியும்? நான் இவ பிறந்ததிலேருந்து பாக்கறேன். எழுதிக்கோ: உத்தமி. எழுதினயா? குணவதி.”

“நானும் எழுதச் சொல்றேன்” என்றார் கிருஷ்ணையங்கார். “மகா பண்டிதை. தமிழிலே கரை கண்டவ.”

“சமஸ்கிருதமும் தெரியும்னு போடு!”

“எனக்குத் தெரியாது, மாமா” என்றாள் பெருந்தேவி.

“நீ சும்மா இரும்மா! போடுய்யா!”

கான்ஸ்டபிளின் காகிதம் தீர்ந்து, பின்பக்கமும் தீர்ந்தது. “போதும் சாமி, இந்த அம்மாவைக் கோயில்ல வெச்சிடுவாங்க” என்று கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். எந்த நாட்டுக் குடிவரவு ஆபீசுக்கும் இப்படி ஒரு நடத்தைச் சான்று போயிருக்காது. பர்மிட்டு உடனே வந்தது. கடல் தாண்டுவது தோஷம் என்பதை அதற்கப்புறம் ஒருவரும் எடுக்கவில்லை. அவளை அனுப்பி வைத்தது யார் என்பதில் இப்போது புதிதாக ஒரு தகராறு நடப்பதாகக் கேள்வி.

எனக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. பர்மிட்டில் உபாத்தியாயரின் மனைவிக்கு இடமுண்டு, குழந்தைகளுக்கு உண்டு. உபாத்தியாயினியின் தகப்பனார் என்று ஒரு பிராணி உண்டென்பதே சட்டத்துக்குத் தெரியாது. ஆகவே ‘மகளைப் பார்க்க வந்த விருந்தாளி’ என்று வந்திறங்கினேன். இன்னும் விருந்தாளியாகவே புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். “எப்போது திரும்பிப் போகிறீர்?” என்று அதிகாரி ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். சம்பந்தி வீட்டில்கூட என்னை யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

5

முனுசாமியின் சின்ன மகள் லோகம்மா. பெருந்தேவி வந்த வருஷம் அவளுக்கு ஒரு தமிழ் எழுத்துக்கூடத் தெரியாது. “காஞ்சிபுரத்தில் மனிதர் உண்டா?” என்று கேட்ட பெண் அவள்தான். இப்போது பயிற்சிப் பரீட்சை தேறியிருக்கிறாள். இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும். சின்ன வகுப்புகளுக்கு அவள் பாடம் நடத்துவதை நானே கேட்டேன். எங்கள் கச்சேரியில் மனு எழுதியவர்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு நல்ல தமிழ் வராது.

ஞாயிற்றுக்கிழமை முனுசாமி லோகம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவர் சங்கத்துக் காரியதரிசியான அவர்தான்.

“இல்லேன்னே எழுதிடறேன் சாமி. எம் பொண்ணுதானே. அது வாயத் தொறக்காது.”

“எழுதும்” என்றேன் நான். என் அனுபவத்தில் இதைவிட ஒழுங்கான நடைமுறை கிடையாது. காகிதத்துக்கு வேண்டியது பதில். உண்மை வேண்டும் என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை.

“எனக்கு வேலை வாணாம் டீச்சர். நீங்களே இருங்க. நான் வீட்ல இருந்துக்கறேன்” என்றாள் லோகம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது.

பெருந்தேவிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். “வீட்டிலே இருந்து என்ன பண்ணுவே? சமைப்பியா?” என்றாள். பிறகு முனுசாமியிடம் திரும்பினாள். “இல்லேன்னு எழுதறதுன்னா, நான் இங்கே இத்தனை வருஷம் என்ன பண்ணினேன்னும் சேத்து எழுதுங்கோ.”

முனுசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, பிடிவாதம் பண்ணாதீங்கம்மா. போனா மறுபடி விட மாட்டாங்க.”

“தெரியும். ‘உண்டு’ன்னு எழுதுங்கோ. பேரையும் எழுதுங்கோ. லோகு, நாளைக்கு அஞ்சாம் வகுப்பு உன்னோடது. பாடத்தைப் பாத்துண்டு வா.”

எழுதினார். நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி அந்தப் பதிலை இரண்டு தடவை படித்துவிட்டு, “இப்படி இதுவரை யாரும் எழுதியதில்லையே” என்றார். பிறகு முத்திரையை எடுத்தார். பர்மிட்டு புதுப்பிக்கப்படாது, அடுத்த கப்பலில் கிளம்பவேண்டும். விருந்தாளி வந்து பார்த்தது போதும் என்று என் காகிதத்திலும் ஒன்று குத்தினார்.

வீட்டுக்கு வந்து, “செங்கல்பட்டு அடுப்பு இன்னும் காலியாத்தான் இருக்காம்” என்றேன். கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன்.

“அங்கே ஏன் போகணும்? நம்ம தெருவிலே பொண்களுக்குச் சொல்லித்தர யாராவது வந்துட்டாளா?”

“இல்லை.”

“அப்போ அங்கே நான் இருக்கலாமே” என்றாள்.

ஆகவே தம்பியின் பிள்ளைக்கு நான் எழுதுவது: நேட்டாலுக்கு வர வேண்டிய நடைமுறையைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கஷ்டமானதுதான், ஆனாலும் செய்து முடிக்கலாம். ஆபீசுக்கு ஒரு வாசல் இருக்கிறது, மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் முடியாது என்றால் முத்திரை குத்தியாவது சொல்லுகிறார். அதற்குப் பதிலாக நீ எனக்கு ஒன்று விசாரித்துச் சொல்லு. சின்ன காஞ்சிபுரத்தில், அவள் பிறந்த தெருவில், காலை வேளையில் பெண் குழந்தைகளுக்கு எதிரே உட்கார்ந்து அ, ஆ சொல்லித்தரப் பெருந்தேவிக்கு அனுமதி வேண்டும். அதற்கு எந்தக் கச்சேரியில் மனுப் போடவேண்டும், எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டவேண்டும்? பென்ஷன் வாங்கும் வரை கச்சேரியிலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கப்பலிலிருந்து இறங்குவதற்குள் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் அவள் மறுநாள் காலையே வகுப்பை வைத்துவிடுவாள். தெருக்காரர்களிடம் இப்போதே சொல்லி வை.